தேசம்மாவின் கன்னமும் வெளிச்ச மிஷினும்

சென்ற மாதம் காட்டாங்குளத்தூரில், கண் பரிசோதனை படிக்கும் பிள்ளைகளுக்கு முன்னால் என்னை நிறுத்தி, "உங்க அனுபவத்தைச் சொல்லுங்க மேடம்" என்றார்கள். வேலையில் இருந்தவரை நான் சிஸ்டர். அவசரம் என்றால் "ஏம்மா, இங்க வா". ஓய்வு பெற்ற பிறகுதான் மேடம் ஆனேன். வறண்ட கண்ணுக்கு வெளிச்ச வைத்தியம் செய்யும் புது மிஷின் ஒன்றை அங்கே வைத்திருந்தார்கள். தோலின் நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அட்டையும் இருந்தது. ஒரு மாணவி அந்த அட்டையை, செய்முறை காட்டுவதற்காக உட்காரவைத்திருந்த ஓர் அம்மாவின் கன்னத்தருகே பிடித்தாள். பொருந்திய கட்டத்தை விட்டுவிட்டு, சிரித்துக்கொண்டே, வெளுப்பான ஒரு கட்டத்தின் மேல் விரலை வைத்தாள்.

"மாநிறம்தான் மேம்."

அந்த அம்மாவுக்கும் சந்தோஷம். எனக்கு வந்த ஆத்திரத்தில் அட்டையைப் பிடுங்கிவிட்டேன். "அவங்க கறுப்பும்மா. என்னை மாதிரியே கறுப்பு. சொல்றதுக்கு என்ன கூச்சம்?" என்றேன். ஏன் இத்தனை கோபம் என்று வெளியே வரும்போது ஒரு பையன் கேட்டான். நின்றபடி சொல்லி முடிக்கிற கதையா அது? அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் படித்தது நர்ஸ் உதவியாளர் படிப்பு. பெருங்களத்தூரில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் கொஞ்ச காலம், கண் முகாம்களில் சொட்டு மருந்து போட்டுக்கொண்டு கொஞ்ச காலம். அதன் பிறகு தாம்பரத்தில் டாக்டர் கல்யாணியின் கண் ஆஸ்பத்திரி. அங்கேதான் என் தலை நரைத்தது.

டாக்டர் கல்யாணியைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. நல்ல சிவப்பு, ஒடிசலான உடம்பு, குரலே எழும்பாது. கோபம் ஏற ஏற அந்தக் குரல் இன்னும் கீழே போகும். கிசுகிசுவென்று பேசினால் நாங்கள் நடுங்குவோம். தரை துடைக்கும் பெண்ணைக்கூட "நீங்க" என்றுதான் கூப்பிடுவார். யார் மனதும் நோகக் கூடாது என்பதில் அப்படி ஒரு கறார். குண்டான நோயாளியிடம் எடை என்ன என்று கேட்க என்னைத்தான் அனுப்புவார். எனக்குத்தான் வாய் நீளமாயிற்றே.

இரண்டாயிரத்துக்குப் பிறகான அந்தப் பத்தாண்டின் கடைசிப் பகுதி அது. வறண்ட கண்ணோடு வருகிறவர்கள் அதிகமாகிக்கொண்டிருந்தார்கள். இமையின் ஓரத்தில் பொடிப்பொடியாக எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்கின்றன. கண்ணீரின் மேல் மெல்லிய எண்ணெய்ப் பூச்சாகப் படிந்து அது காய்ந்துபோகாமல் காப்பது அவைதான். அவை அடைத்துக்கொண்டால் கண்ணீர் கண்ணில் தங்காமல் வழிந்து, காய்ந்துபோகும். எரியும், உறுத்தும், பார்வை மங்கும், வெளிச்சத்தைப் பார்க்கவே முடியாது. சொட்டு மருந்து போட்டால் சற்று நேரத்துக்கு ஆறுதல், அவ்வளவுதான்.

எங்கள் கட்டடத்தின் மாடியில் ஒரு தோல் டாக்டர் இருந்தார். முகத்தில் ரோமம் நீக்க, சிவப்பை மட்டுப்படுத்த ஒரு வெளிச்ச மிஷின் வைத்திருந்தார். முகத்துக்கு அந்த வெளிச்சம் வைத்துக்கொண்டவர்கள், கண் எரிச்சலும் குறைந்ததாகச் சொல்கிறார்கள் என்று வெளிநாட்டு டாக்டர்கள் பேச ஆரம்பித்திருந்த காலம். டாக்டர் கல்யாணி அதைப் படித்துவிட்டு மாடிக்கும் கீழுக்கும் நடந்தார். புதன்கிழமை மதியம் மிஷின் சும்மா இருக்கும், எடுத்துக்கொள்ளுங்கள் என்றார் தோல் டாக்டர். ஆனால் அவர் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார்.

"மேடம், இந்த வெளிச்சம் கறுப்பைத் தேடிப் போகும். மயிர்க்கால் கறுப்பா இருக்கறதாலதான் அது கருகுது. தோலே கறுப்பா இருந்தா, தோலைத்தான் சுடும். நிறத்தை மட்டும் சரியாப் பார்த்துப் போடுங்க. வெயில்ல காய்ஞ்ச தோல்னா இன்னும் மோசம்."

டாக்டர் கல்யாணி பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். முதலில் தன் முன்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டார். சுண்டிவிட்ட மாதிரி இருந்தது, ஒன்றும் ஆகவில்லை. அவர் நிறத்துக்கு என்ன ஆகும்?

முறை இதுதான். முகத்தைக் கழுவி, ஈரமில்லாமல் துடைக்க வேண்டும். கண்கள் இரண்டையும் மூடச் சொல்லி, மேலே சின்ன உலோக மூடிகளை வைத்து டேப் ஒட்ட வேண்டும். ஒரு காதோரத்தில் தொடங்கி, கீழ் இமைக்கு அடியில் கன்னம், மூக்கு, மறு கன்னம் என்று மறு காதோரம்வரை குளிர்ந்த ஜெல் தடவ வேண்டும். அறையில் இருப்பவர்கள் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொள்ள வேண்டும். "கண்ணாடி?" என்பார் டாக்டர். "போட்டாச்சு" என்று நான் சொன்ன பிறகுதான் அவர் கால் சுவிட்சை மிதிப்பார். கைப்பிடியின் முனையிலிருந்து பளீரென்று ஒரு வெளிச்சம் வரும். முடிந்ததும் டாக்டர் இமை ஓரத்தை அமுக்கி அடைப்பை எடுப்பார். புதியவர்களுக்கு முதல் நாள் காதுக்கு முன்னால் ஓரிடத்தில் மட்டும் வைத்துப் பார்ப்போம். அந்த இடம் நன்றாக இருந்தால்தான் அடுத்த புதனன்று முகம் முழுக்க.

அங்கேதான் தேசம்மா வந்து சேர்ந்தாள்.

கோவளம் பக்கத்துக் குப்பம் அவள் ஊர். புருஷன் கடலோடு போனவன். தேசம்மா காலையில் கரையில் மீன் எடுத்து, கூடையோடு பஸ் பிடித்து, ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பில் நடைபாதை ஓரமாக உட்கார்ந்து விற்பாள். என் வீடும் அந்தப் பக்கம்தான். சங்கரா மீன் அவளிடம்தான் வாங்குவேன். கொஞ்ச நாளாக அவள் மீனை வெட்டும்போது கண்ணை இடுக்கிக்கொண்டு, தண்ணீர் வழிய வழிய வெட்டினாள். விரலில் எப்போதும் துணிச் சுற்று.

"கண்ணுல மொளகாத்தூளு கொட்ன மாரி எரிஞ்சிகினே கீது சிஸ்டரு. வெயிலு ஏறினா கண்ணையே தொறக்க முடியல. நேத்து ஒரு அம்மாக்கு வஞ்சிரம்னு வேற மீனைப் போட்டுட்டேன். ஒரே பேஜாரு."

நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் அவள் இமையை அமுக்கிப் பார்த்தார். எண்ணெய் வர வேண்டிய துவாரங்களிலிருந்து பற்பசை மாதிரி வெள்ளையாக ஒரு துளி வந்தது. பலவற்றிலிருந்து ஒன்றுமே வரவில்லை. வெளிச்சம் வைத்துப் பார்க்கலாம் என்றார். வைத்த பிறகு சில வாரங்களுக்கு முகத்தில் வெயில் படக் கூடாது என்றும் சொன்னார்.

தேசம்மாவின் முகம் மாறியது. "அத்தினி நாளு குந்தாம இருந்தா எடம் போய்டும்மா. ஒரு வாரம் காலியா கெடந்தா வேற ஒருத்தி கூடைய வெச்சிடுவா. அப்பறம் எங்க போயி குந்துறது? கண்ணு தொறக்கலன்னாலும் எடம் போய்டும். எப்டியும் போய்டும்." பிறகு அவளே, "சரி, நீ வை. முக்காடு போட்டுக்கறேன்" என்றாள்.

மாடி அறைக்கு ஜன்னல் கிடையாது. ஒரு டியூப்லைட் வெளிச்சம்தான். ஆஸ்பத்திரிக்கு வருகிறோமே என்று தேசம்மா முகத்துக்கு மஞ்சள் பூசி, மேலே பவுடரும் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். கழுவியும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. மிஷினில் நிறத்தைக் குறித்து அதற்கேற்ப வெளிச்சத்தின் அளவை வைக்கும் பொத்தானுக்கு மேல் டாக்டரின் விரல் நின்றது. அவர் தேசம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி மிஷினைப் பார்த்தார். ஒரு பெண்ணை அவள் முகத்துக்கு நேரே கறுப்பு என்று சொல்ல நம் ஊரில் யாருக்கு வாய் வரும்? பெண் பார்க்கப் போகிற இடத்தில்கூட மாநிறம் என்றுதானே சொல்கிறோம். டாக்டர் கல்யாணிக்கோ செத்தாலும் வராது.

"மாநிறம்னு... வச்சுக்கலாம், இல்லையா?" என்றார், மெதுவாக.

நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம். தேசம்மா வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

இடது காதுக்கு முன்னால் ஒரே ஒரு வெளிச்சம். தேசம்மா விசுக்கென்று தோளைக் குலுக்கினாள். எரிகிறதா என்று கேட்டோம். "இல்லம்மா, சும்மா எறும்பு கடிச்ச மாரி" என்றாள். கொஞ்ச நேரம் பனிக்கட்டி ஒற்றி அனுப்பினோம்.

அந்த வாரம் முழுக்க காலையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது அவளைப் பார்த்தேன். முந்தானையை முகத்தைச் சுற்றி இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டாக்டர் சொன்னபடி நடக்கிறாளே என்று எனக்குப் பெருமைகூட.

அடுத்த புதன் வந்தாள். முகத்தில் மஞ்சள் அப்பியிருந்தாள், அதிலும் காதோரம்வரை கனமாக.

"சிஸ்டரு, இத்தக் கழுவாதே. அம்மனுக்கு வேண்டிகினு பூசினது. கண்ணு நல்லாவணும்னு."

நான் டாக்டரைப் பார்த்தேன். "காதுகிட்ட எரிச்சல், கொப்புளம் ஏதாவது வந்துதாம்மா?" என்று கேட்டார் அவர். "ஒண்ணியும் வரலம்மா, பூ மாரி கீது" என்றாள் தேசம்மா. டாக்டர் குனிந்து பார்த்தார். மஞ்சள்தான் தெரிந்தது. சாமி காரியத்தில் யாரையும் வற்புறுத்துகிறவர் இல்லை அவர். "ஜெல் போடற இடத்தை மட்டும் ஈரப் பஞ்சால துடைங்க, போதும்" என்று எனக்குச் சொன்னார்.

வலது கன்னத்தை முதலில் துடைத்து ஜெல் தடவினேன். கண்ணுக்கு மூடி வைத்து டேப் ஒட்டினேன். டாக்டர் வலது பக்கம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் தொடங்குவதற்குள் இடது பக்கத்தையும் முடித்துவிடலாம் என்று நான் கட்டிலைச் சுற்றி வந்தேன். கறுப்புக் கண்ணாடி ஏற்கெனவே என் மூக்கின் மேல் இருந்தது. அதைப் போட்டால் எல்லாமே ஒரே இருட்டு. பஞ்சைக் காதோரம் வைத்து இழுத்தேன்.

கட்டிலின் மறு முனையில் அவள் கால் விரல்கள் சுருண்டன. வாயிலிருந்து சத்தம் வரவில்லை. பஞ்சுக்கு அடியில் வழுக்கியது. மஞ்சள் அப்படி வழுக்காது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தேன். நாணய அளவுக்குத் தோல் உரிந்து, ஈரமாக, சுற்றிலும் கன்றிப் போயிருந்தது. வெயிலும் மீன் தண்ணீரும் பட்டு ஓரமெல்லாம் வெடித்திருந்தது.

தேசம்மா தட்டுத் தடவி என் மணிக்கட்டைப் பிடித்தாள். மீன் வெட்டுகிற கை, பிடித்தால் விடுமா? "சொல்லாதே கண்ணு," என்றாள் உதடு மட்டும் அசைய. "சொன்னா லைட்டு வெக்க மாட்டாங்க. ஒன் கால்ல வுழறேன்."

"கண்ணாடி?" என்றார் டாக்டர் மறுபக்கத்திலிருந்து.

"போட்டாச்சு" என்றது என் வாய். கேள்வி வந்தால் பதில் வரும், அவ்வளவு பழக்கம். நெற்றியில் ஏறிய கண்ணாடியோடு நான் நிற்பது, கறுப்புக் கண்ணாடிக்குள் இருந்த டாக்டருக்குத் தெரியவில்லை. வலது கன்னத்தில் கைப்பிடியை வைத்தார். மிஷின் தயார் என்று ஒரு பீப் சத்தம் போட்டது.

நிறுத்துங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஊரையே வாயால் அடக்குகிற எனக்கு அந்த நேரத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது. அவள் பிடிக்காத கை மட்டும் போனது. அவள் முகத்துக்கு மேலாக நீட்டி, ஜெல் வழுக்க வழுக்க, கைப்பிடிக்கு அடியில் புறங்கையைச் செருகினேன். கண்ணை இறுக மூடிக்கொண்டேன். டாக்டரின் கால் மிதித்துவிட்டது.

இமைக்குள்ளேயே வெள்ளையாக வெளிச்சம் தெரிந்தது. அடுப்பிலிருந்து எடுத்த கரண்டியை வைத்த மாதிரி புறங்கை எரிந்தது. "ஐயோ!" என்று அப்போதுதான் வாய் திறந்தது.

டாக்டர் ஸ்டூலைத் தள்ளிவிட்டு எழுந்தார், மிஷினை அணைத்தார். என் கறுத்த கையில் செவ்வகமாகத் தோல் வெளுத்துச் சுருங்கிக்கொண்டிருந்தது. "என்ன சிஸ்டர் இது? என்ன பண்ணீங்க?" குரல் கிசுகிசுவென்று ஆகியிருந்தது. நான் பேசாமல் தேசம்மாவின் இடது காதோரத்தைக் காட்டினேன். அவர் குனிந்தார். நிமிர வெகு நேரம் ஆயிற்று.

"இன்னாச்சு? ஏன் நிறுத்திட்டீங்க?" என்று தேசம்மா டேப்பைப் பிய்த்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள்.

"ஏம்மா, கொப்புளம் வந்ததை ஏன் சொல்லலை? முகம் முழுக்க வெந்து போயிருக்குமே" என்றார் டாக்டர்.

"சொன்னா வுட்டுடுவீங்களே!" அழுகையும் கோபமுமாகக் கத்தினாள் தேசம்மா. "நான் சொல்லல, சரி. நீங்க சொன்னீங்களா? மாநெறம்னீங்க. நான் மாநெறமா? பொறந்ததுலேர்ந்து வெயில்ல கெடக்கறவ. என் வூட்டுக் கண்ணாடிக்குத் தெரியாதா நான் இன்னா நெறம்னு? பெரிய டாக்டரு, நம்மள மாநெறம்ன்றாங்களேன்னு எனக்கும் ஆசயா கீந்துச்சு. வாயத் தொறக்காம குந்திகினு இருந்தேன்."

டாக்டர் கல்யாணி ஸ்டூலில் மறுபடி உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார். அவர் கண்ணிலும் தண்ணீர்.

"நீங்க கறுப்பும்மா. நல்ல கறுப்பு. எனக்கு அன்னைக்கே தெரியும். சொல்ல வாய் வரலை. உங்களை நோகடிக்கக் கூடாதுன்னு நினைச்சேன், சுட்டுட்டேன். என்னை மன்னிச்சிடுங்க."

ஒரு டாக்டர் நோயாளியிடம் அப்படி மன்னிப்புக் கேட்டு அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. தேசம்மாவும் பார்த்திருக்க மாட்டாள். மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "அத்த வுடு. சிஸ்டரு கையப் பாரு மொதல்ல" என்றாள்.

இனி வெளிச்சம் கிடையாது என்றார் டாக்டர். அவள் காதோரப் புண்ணும் என் கையும் ஆறின. வெந்நீரில் பிழிந்த துணியைக் கண் மேல் போட்டு, இமையை அமுக்கி அடைப்பெடுக்கும் வேலை மட்டும் நடந்தது. காலையில் சந்திப்புக்குப் போகும் வழியில் தேசம்மா என் வீட்டில் கூடையை இறக்குவாள். நான் துணி போட்டு நீவிவிடுவேன். வாரத்துக்கு ஒரு முறை டாக்டர் இமையை அமுக்குவார். எரிச்சல் பாதி குறைந்தது. ஆனால் வெயில் ஏறினால் கண் மூடிக்கொண்டது. பாதிக் கண்ணை வைத்துக்கொண்டு மீன் வெட்ட முடியாது.

டாக்டர் ஒரு நாள் அவளை உட்காரவைத்து, ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். வெயிலில் ஏறிய கறுப்பு இறங்க வேண்டும். அதற்கு இரண்டு மூன்று மாதம் நிழலில் இருக்க வேண்டும். அதன் பிறகு தோல் டாக்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மிஷின் முனையில் வேறு வடிகட்டிக் கண்ணாடி போட்டு, மிகக் குறைந்த அளவில் ஓரிடத்தில் வைத்துப் பார்க்கலாம். சுடவே சுடாது என்று சத்தியம் செய்ய முடியாது. வேண்டாம் என்றால் விட்டுவிடலாம்.

தேசம்மா என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. இடம் அவளுடையது, கண்ணும் அவளுடையது.

"எடம் போனா போவட்டும்" என்றாள் கடைசியில்.

அவள் குப்பத்தில் குடிசைக்குள் உட்கார்ந்து கருவாடு தரம் பிரிக்கும் கூலி வேலைக்குப் போனாள். சந்திப்பில் அவள் இடம் ஒரு வாரம்கூடக் காலியாக இல்லை. வேறொருத்தி கூடையை வைத்துவிட்டாள். அந்த இடத்துக்கு மேலே வேப்பமரக் கிளை ஒன்று தாழ்ந்து, பத்து மணிவரை நிழல் தரும். அந்தப் பக்கத்தில் அதைவிட நல்ல இடம் கிடையாது. தினமும் அதைக் கடந்துதான் நான் வேலைக்குப் போனேன். எனக்கே வயிறு எரிந்தது.

மாதங்கள் கழித்து மறுபடி வெளிச்சம் வைத்தோம். இந்த முறை வாசலில் பகல் வெளிச்சத்தில் நிற்கவைத்து, மஞ்சளில்லாத முகத்தின் நிறத்தை இரண்டு டாக்டர்களும் வாய்விட்டுச் சொல்லிக் குறித்தார்கள். சோதனை இடத்தை ஒரு வாரம் கழித்து நானே சோப்புப் போட்டுக் கழுவி, விரலால் தடவிப் பார்த்தேன். சின்னத் தழும்புகூட இல்லை. அப்புறம்தான் முகம். ஒவ்வொரு பளீருக்கும் என் கை அவள் கையில் இருந்தது. யார் யாரைப் பிடித்துக்கொண்டிருந்தோம் என்று சொல்லத் தெரியவில்லை. இடைவெளி விட்டு இன்னும் சில முறை. கடைசி முறை டாக்டர் இமையை அமுக்கியபோது பற்பசை வரவில்லை. தெளிந்த எண்ணெய் பொட்டுப் பொட்டாக வந்தது. வெளிச்சம் செய்தது எவ்வளவு, அமுக்கியது எவ்வளவு என்று கேட்டேன். "தெரியலை சிஸ்டர்" என்றார். அவர் வாயால் கேட்ட பதில்களில் எனக்குப் பிடித்தது அதுதான்.

இன்னும் ஒரு மாதம் முகத்தை மூடிக்கொள்ளச் சொல்லி அனுப்பினோம். அதன் பிறகு அவள் என்ன ஆனாள் என்று தெரியவில்லை. வேப்பமரத்தடிக்காரி தன் இடத்திலேயே இருந்தாள்.

ஒரு காலையில் நான் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். சூரியன் என் முதுகுக்குப் பின்னால் ஏறிக்கொண்டிருந்தது. சாலைக்கு அந்தப் பக்கம், வெயில் நேராக முகத்தில் அடிக்கும் என்று ஒருத்தியும் கூடை வைக்காத இடத்தில், யாரோ மீனோடு உட்கார்ந்திருந்தாள். முந்தானையால் கன்னமும் மூக்கும் வாயும் இறுகச் சுற்றியிருந்தது. கண்கள் மட்டும்தான் வெளியே தெரிந்தன. அந்த வெயிலுக்கு நேரே, அவை முழுசாகத் திறந்திருந்தன.

"சிஸ்டரு!" என்று சாலைக்கு அப்பாலிருந்து கூப்பிட்டாள் தேசம்மா. "இன்னா, பாத்தும் பாக்காத மாரி நிக்கற? எனக்கு நல்லாத் தெரியுது, நீதான்!"